பூமணியக்காவின் இறுங்கு வேலி

பிள்ளைகளே,

இறுங்குப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தாருங்கோ என்று பொறுப்பதிகாரி கேட்டார். நான் பெரிய படிப்புப் படித்தவளல்ல. நாட்கூலிக்குக் களை பிடுங்க வந்து, விதைப் பைகளில் ஒட்டியிருந்த பெயர்களை எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகி, வெளிக்கள உதவியாளராய் ஓய்வு பெற்றவள். எந்த நாளில் விதைப்பது, எத்தனை மணிக்குப் பூ விரியும் என்பதெல்லாம் உங்கள் புத்தகங்களில் இருக்கிறது. நான் சொல்வதைவிட வடிவாக இருக்கிறது. அதை விட்டுவிடுகிறேன். நான் விட்ட இரண்டு பிழைகளைச் சொல்கிறேன். முதலாவதை நினைத்தால் இப்போது சிரிப்பு வரும். மற்றதுக்கு இன்னும் வரவில்லை.

வேலைக்கு வந்த முதல் மாரி. பண்ணையின் மேற்கு மூலையில் ஒரு துண்டு இறுங்கு நின்றது, இந்தியப் புத்தகங்களில் சோளம் என்று போட்டிருக்கிற அதே பயிர். மழையில் கதிரெல்லாம் கறுத்துப் பூசணம் பிடித்து, கிட்டப் போனால் ஊத்தை மணம். கொழும்பிலிருந்து பெரிய ஆட்கள் பார்க்க வருகிறார்கள் என்று சொன்னார்கள். வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள் என்றால் முற்றம் கூட்டாமல் இருப்போமோ? நானும் இன்னும் இரண்டு பெண்களும் ஆறு மணிக்கே வந்து, ஆகக் கறுத்துப் போயிருந்த வரிசைகளை வேரோடு பிடுங்கி எருக்கும்பியில் போட்டுவிட்டு, கை கால் கழுவி, பெருமையோடு நின்றோம்.

அப்போதிருந்த ஆராய்ச்சி உத்தியோகத்தர் வந்து பார்த்தார். பார்த்தவர் அப்படியே வரம்பில் குந்திவிட்டார்.

"பிள்ளையள், நான் கஷ்டப்பட்டு வளத்த நோயை எல்லே பிடுங்கிப் போட்டியள்!"

அந்தக் கறுத்த வரிசைகளை அவர் வேண்டுமென்றே விதைத்திருந்தார். அதிலிருந்து பூசணம் மற்றச் செடிகளுக்குப் பரவ வேண்டும். பரவியும் எது பிடிக்காமல் நிற்கிறதோ, அதுதான் எங்களுக்கு வேண்டிய செடி. "நோய் இல்லாத இடத்திலை எல்லாரும் சுகதேகிதான் பிள்ளை" என்றார். ஏசவில்லை. ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாய் இருந்திருக்கும். என் துப்புரவால் ஒரு மாரி முழுக்க வீணாய்ப் போனது.

அந்த வசனத்தைக் களக்குறிப்புப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன். ஆட்கள் சொல்வதை அப்படி எழுதி வைக்கிற பழக்கம் எனக்கு அன்றுதான் தொடங்கியது. முன்பக்கங்களில் செடிகளின் உயரம், கடைசிப் பக்கங்களில் ஆட்களின் கதை.

அடுத்த மாரியில் அந்தச் சோதனையைத் திரும்பச் செய்தார்கள். நோய் வரிசைகளை நானே காவல் காத்தேன். சுற்றிவரக் கறுத்து அழுகிக் கிடந்த கதிர்களுக்கு நடுவில் ஒரே ஒரு செடி, சலவை செய்த வேட்டி மாதிரி வெள்ளைக் கதிரோடு நின்றது. அதற்கு வெள்ளைச்சி என்று பெயர் வைத்தோம். அதன் வழியில் வந்ததை ஆறேழு மாரி கலந்து, தெரிந்தெடுத்து, மகரந்தமே உண்டாகாத தாய் வரிசையாக்கினார்கள். கலப்பின விதை செய்ய அப்படி ஒரு தாய் வேண்டும். அவளிடம் சொந்த மகரந்தம் இல்லாதபடியால் நாங்கள் பக்கத்தில் விதைக்கிற வரிசையின் மகரந்தத்தை வாங்குவாள். ஆனால் அவளுக்கு நல்லது கெட்டது தெரியாது. காற்று எதைக் கொண்டுவந்தாலும் வாங்குவாள். அதனால்தான் அவளை விதைக்கிற இடத்தைச் சுற்றி முந்நூறு நானூறு மீற்றருக்கு வேறு இறுங்கு ஒன்றும் பூக்கக்கூடாது. அப்படி ஒன்று பூத்தால் விதை கலப்பாகும். விதை கலந்தால், பூசணத்தைத் தாங்குகிற குணம் அவளின் பிள்ளைகளுக்குள் சிதறிப் போகும். பிறகு பத்து வருட வேலையைக் குப்பையில் கொட்டவேண்டியதுதான்.

இனி இரண்டாவது.

ஒரு வருடம் விதை அறையின் குளிரூட்டி பழுதாய்ப் போனது. திருத்த ஆள் வருமுன் உள்ளே இருந்த வெள்ளைச்சியின் விதையெல்லாம் முளைக்கிற பலத்தை இழந்துவிட்டது. பொறுப்பதிகாரி ஏதோ புத்தியில் ஒரு பால்மாத் தகர ரின்னில் கொஞ்ச விதையைத் தன் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தார். அதில் அரை ரின். உலகத்தில் வெள்ளைச்சி இருந்தது அவ்வளவுதான். அதை அந்த மாரியிலேயே விதைத்துப் பெருக்கவேண்டும். பண்ணையில் எங்கே பார்த்தாலும் இறுங்குச் சோதனை, அங்கே முடியாது. மயிலிட்டிப் பக்கம் இராணுவத்திடமிருந்து அப்போதுதான் விடுபட்ட காணிகளில் பத்துப் பரப்பு நிலம் கிடைத்தது. சனம் இன்னும் திரும்பி வரவில்லை. கூரையில்லாத சுவர்கள், சுவருக்குள்ளால் வளர்ந்த ஆலங்கன்றுகள், இடையிடையே கிணறுகள். இறுங்குக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று எல்லோருக்கும் சந்தோசம்.

அங்கே ஆள் நிற்கவேண்டும். எனக்குக் குடும்பம் இல்லை, தெல்லிப்பழையில் ஒரு அறையும் ஒரு வானொலியும்தான். என்னைத்தான் அனுப்பினார்கள்.

நான் கதைப்பிரியை. பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறவரின் ஊர், பேர், வருத்தம் எல்லாம் இறங்குமுன் கேட்டுவிடுவேன். என்னைக் கொண்டுபோய் அந்த வெளியில் விட்டார்கள். விடியச் சைக்கிளில் போனால் பொழுதுபட வருவேன். காலையில் கிளியோடு கதைப்பேன், மத்தியானம் சோற்றுப் பெட்டியோடு கதைப்பேன். பின்னேரத்தில் கடற்காற்று எழும்பினால் கதைக்கிற ஆசையும் போய்விடும். ஒரு நாள் முழுக்க ஒரு சொல்லும் கதைக்காமல் வீடு வந்து, கடைக்காரரிடம் பாண் கேட்க வாய் திறந்தபோது குரல் வரவில்லை. இருமித்தான் கேட்டேன்.

இப்படியிருக்க, ஆவணி மாதம் ஒரு லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் ஒழுங்கைப் பாதையால் இழுபட்டு வந்தது. பெட்டியில் தகரம், இரண்டு கதிரை, ஒரு ஆடு. இவ்வளவுக்கும் மேலே ஒரு அறுபது வயது மனுசி, குடை பிடித்தபடி.

"நீர் ஆரின்ரை ஆள்? என்ரை காணிக்குள்ளை நிண்டு என்ன செய்யிறீர்?"

"இது உங்கடை இல்லை அக்கா. உங்கடை ஒழுங்கைக்கு அங்காலையாக்கும்."

"ஒழுங்கையோ? எங்கை கிடக்கு ஒழுங்கை?"

"நீங்கள் வந்ததுதான்."

அவ திரும்பி, பற்றைக்குள்ளால் வந்த சில்லுத் தடத்தைப் பார்த்தா. "கோதாரி, நான் இதாலையோ பள்ளிக்கூடம் போனனான்!" என்று சிரித்தா. சிரிப்பு முடியுமுன் முகத்தைச் சேலைத்தலைப்பால் துடைத்தா.

அவதான் பூமணியக்கா. மனுசன் செத்துப்போனார், ஒரே மகள் பிரான்சில். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாய் வடமராட்சியில் சொந்தக்காரரின் வீடுகளில் மாறி மாறி இருந்தவ. காணி விட்டாச்சு என்று கேள்விப்பட்டதும் வீட்டுத்திட்டம் வரும்வரை பார்த்திராமல் வந்து தகரக் கொட்டில் போட்டுவிட்டா. தனிய எப்படி இருப்பீர்கள் என்று கேட்டேன். "ஆரின்ரையோ வீட்டிலை பத்துப் பேரோடை தனிய இருந்தனான். இது என்ரை தனிமை, இதிலை காலை நீட்டிப் படுக்கலாம்" என்றா. அன்றைக்கே புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன்.

அதன் பிறகு பத்து மணிக்கு ஒழுங்கையில் ஒரு சத்தம் கேட்கும். "எடி இறுங்குக்காரி, வா, தேத்தண்ணி ஆறுது!" முதல் நாள் "நீர்" என்றவ மூன்றாம் நாள் "நீ" என்றா, ஒரு கிழமையில் "எடி" ஆகிவிட்டது. எனக்கு அது பதவி உயர்வு மாதிரி. மகள் போனில் படமாய் வருகிற நேரம் என்னையும் கூப்பிட்டுக் காட்டுவா. அழைப்பு முடிந்ததும், "எல்லாம் காட்டுறாள், தோசை சுட்டாலும் காட்டுறாள். மணம் மட்டும் வருகுதில்லை" என்பா.

புரட்டாதி கடைசியில் ஒரு நாள். நான் நிலம் பண்படுத்தி முடித்திருந்தேன், ஆனால் விதைக்கவில்லை. ரின் இன்னும் பொறுப்பதிகாரியின் வீட்டில்தான். தேத்தண்ணி குடிக்கப் போனவள் கிணற்றடியைப் பார்த்தேன். கிணற்றைச் சுற்றி மூன்று பக்கமும், நெருக்கமாய், பச்சைக் கோடு போட்டாற்போல் ஏதோ முளைத்திருந்தது. இந்தத் தொழிலில் இருப்பவளுக்கு இரண்டு இலை போதும்.

"உது என்னக்கா?"

"இறுங்கடி. வடமராட்சியிலை நாங்கள் இருந்த வீட்டிலை கோழிக்குப் போட்டது, சிவப்புத் தண்டு, நல்ல உயரச் சாதி. வேலிக்குப் போட்டனான்."

"வேலிக்கோ?"

"பின்னை? கதியால் நட்டு அது துளிர்த்து மறைக்க ஒரு வருசம். கிடுகு கட்ட இஞ்சை ஓலையும் இல்லை, ஆளும் இல்லை. றோட்டாலை போற வாகனம் எல்லாம் என்ரை கிணத்தடியைத்தான் பாத்துக்கொண்டு போகுது. நாலு மணிக்கு இருட்டோடை எழும்பிக் குளிக்கிறன். என்ரை கிணத்திலை நானே கள்ளி மாதிரி. உது வளந்தால் மார்கழியிலையாவது வெளிச்சத்திலை ஆறுதலாய் அள்ளிக் குளிப்பன்."

சொல்லியிருக்கவேண்டியது அந்த நிமிசம். ஒரு வரி போதும்: அக்கா, இது பூத்தால் என் விதை பழுதாய்ப் போகும். செடி விரல் உயரம்கூட இல்லை. அவவுக்கும் இழப்பில்லை, எனக்கும் இழப்பில்லை. தேத்தண்ணிக் கோப்பை கையில் இருந்தது. அவ எனக்கென்று சீனி குறைத்துப் போட்டிருந்தா. வேலியில்லாத பெண்ணிடம் வேலியை எடு என்று சொன்னால் நாளைக்கு யார் என்னைக் கூப்பிடுவார்கள் என்று ஒரு எண்ணம் வந்தது. வந்ததை நான் கணக்குப் போட்டு மூடினேன். உயர நாட்டு இறுங்கு, சிறுபோகத்தில் நான் பார்த்தது, பூக்க நாலு மாதம் எடுத்தது. வெள்ளைச்சிக்கு இரண்டேகால் மாதம். இது பூக்குமுன் அவள் மணி பிடித்துவிடுவாள், பயமில்லை.

அந்தக் கணக்கில் என்ன பிழை என்று உங்களுக்குத் தெரியும். படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். நாட்டு இறுங்கு பகலின் நீளத்தைப் பார்த்துப் பூக்கிற சாதி. சிறுபோகத்து நீளப் பகலில் சோம்பிக் கிடக்கும். மாரியில் பகல் குறுக, அவசரப்பட்டுப் பூக்கும். எனக்கும் தெரியும், பிள்ளைகளே. பத்து வருடம் அதையேதான் புத்தகத்தில் குறித்து வைத்திருந்தேன். தெரிந்ததை ஒரு கோப்பைத் தேத்தண்ணிக்காக மறக்க முடிந்தது என்பதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

ஐப்பசி முதல் மழையோடு வெள்ளைச்சியையும், பக்கத்தில் அவளுக்கு மகரந்தம் கொடுக்கிற வரிசையையும் விதைத்தேன். ரின்னைக் கவிழ்த்துத் தட்டி, கடைசி மணிவரை மண்ணுக்குள் போட்டேன். இரண்டு பக்கமும் சேர்ந்து வளர்ந்தது. கார்த்திகையில் பூமணியக்காவின் வேலி அவவின் தலைக்கு மேலே போய்விட்டது. ஒருநாள் காலை பத்து மணிக்கு, நல்ல வெளிச்சத்தில், உள்ளேயிருந்து வாளித் தண்ணீர் விழுகிற சத்தமும் பாட்டும் கேட்டது. நான் வயலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அன்று எனக்குச் சந்தோசமாயும் இருந்தது, பயமாயும் இருந்தது.

மார்கழி பிறந்து நாலாம் நாள், வேலியில் ஒரு செடியின் நுனி இலைக்குள் கதிர் பருத்திருக்கக் கண்டேன். அடுத்ததிலும், அதற்கடுத்ததிலும் அப்படித்தான். வெள்ளைச்சிக்கும் அதே பருவம். இரண்டும் ஒரே கிழமையில் பூக்கப்போகிறது.

பொறுப்பதிகாரிக்குப் போன் எடுத்தேன். என்னைவிட இருபது வயது இளையவர், நல்ல மனுசன்.

"அக்கா, கிராம அலுவலரைக் கொண்டு சொல்லுவிச்சு வெட்டச் சொல்லுவமோ? அவவுக்கு ஏதும் நட்டஈடு பாக்கலாம்."

"வேண்டாம் தம்பி. ஊருக்கு வந்து முதல் முதல் போட்ட பயிர். அதிகாரத்தைக் கொண்டு வெட்டுவிக்கேலாது. நான் கதைக்கிறன்."

"கதையுங்கோ. ஆனால் அக்கா, ரின்னிலை வேறை இல்லை."

"தெரியும்."

அன்றைக்கு அவ கூப்பிடுமுன் நானே போனேன். வாசலில் நின்றபடி, வெள்ளைச்சி யார், அவளுக்கு ஏன் மகரந்தம் இல்லை, வேலி பூத்தால் என்ன நடக்கும் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். பூமணியக்கா ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டு கேட்டா.

"அப்ப என்ரை இறுங்கு உன்ரை இறுங்கைக் கெடுத்துப்போடும் எண்டுறாய்."

"ஓம் அக்கா."

"ஆம்பிளை இல்லாத வீடெண்டு நினைச்சன், என்ரை வேலியே ஆம்பிளையாய் நிக்குது!" என்று விழுந்து விழுந்து சிரித்தா. பிறகு சிரிப்பை நிறுத்தினா. "நீ இதை இப்பதான் கண்டனியோ?"

"ஓம்" என்றேன்.

ஒரே ஒரு சொல். என் வேலைக்காலம் முழுக்க நான் எழுதிய பிழையான கணக்குகளைக் கூட்டினாலும் அந்தச் சொல்லின் பாரம் வராது.

வெட்டாமல் சமாளிக்க ஒரு வழி இருந்தது. கதிர் வெளியே வந்து பூக்குமுன் ஒவ்வொன்றுக்கும் கடதாசிப் பை போட்டுக் கட்டிவிட்டால், மகரந்தம் பைக்குள்ளேயே கிடக்கும். வேலி நிற்கும், கோழிக்கு மணியும் கிடைக்கும். பண்ணையில் நூறு பை இருந்தது. வேலியில் நானூறுக்குக் கிட்டக் கதிர். மிச்சத்தை நாங்களே செய்தோம். பழைய பத்திரிகைகள், கோதுமை மாப் பசை. அதற்குள் தொடங்கியிருந்த வீட்டுத்திட்டத்துக்கு அத்திவாரம் போட்ட சீமெந்துப் பைகளையும் உதறி வெட்டினோம். நாள் முழுக்க இரண்டு பேரும் கொட்டிலுக்குள் இருந்து ஒட்டுவோம். பின்னேரம் அவ மரக்கதிரையில் ஏறி நின்று கதிர்களை மூட, நான் கதிரையைப் பிடித்துக்கொண்டு கீழே நிற்பேன்.

"வேலிக்குத் தொப்பி போடுற ஊர் உலகத்திலை இது ஒண்டுதான்."

"ஆடாமல் நில்லுங்கோ அக்கா."

"நான் ஆடேல்லை, கதிரைதான் ஆடுது. நீ ஒழுங்காய்ப் பிடியடி. விழுந்தால் உன்ரை வெள்ளைச்சியோ வந்து எண்ணெய் தேய்க்கப்போறாள்?"

அவ்வளவு கதையும் சிரிப்பும் என் வேலைநாட்களில் வேறு எப்போதும் இருந்ததில்லை. ஆனால் சிரிக்கச் சிரிக்க, அந்த "ஓம்" ஞாபகத்தில் வந்துகொண்டே இருந்தது.

பை ஒட்டத் தொடங்கி ஏழாம் நாள் மத்தியானம் மழை வந்தது. ஆயத்தம் சொல்லி வருகிற மழையில்லை அது. கடல் பக்கத்திலிருந்து காற்றோடு வந்து, மூன்று மணிவரை ஊற்றிவிட்டு, ஒன்றும் நடவாத மாதிரி வெளித்தது. ஓடிப்போய்ப் பார்த்தோம். சீமெந்துப் பைகள் கொஞ்சம் தப்பியிருந்தன. பத்திரிகைப் பைகள் பசை கரைந்து, கூழாகித் தண்டுகளில் வழிந்து கிடந்தன. உள்ளே இருந்த கதிர்கள் பாதிக்கு மேல் மஞ்சள் மகரந்தத்தோடு தயாராய் நின்றன. ஈரம் காய்ந்து நாளை விடியக் காற்று எழும்பினால் கொட்டும். ஒழுங்கைக்கு இந்தப் பக்கம் வெள்ளைச்சி முழுக்கப் பூத்து, வாங்குவதற்கு விரித்துக்கொண்டு நின்றாள். திரும்பப் பை செய்ய இரண்டு நாள் வேண்டும். எங்களிடம் இருந்தது இருட்டுமுன் மூன்று மணித்தியாலம்.

போனில் பொறுப்பதிகாரி, "அக்கா, ஆக்களைக் கூட்டிக்கொண்டு இப்பவே வாறன்" என்றார். வெள்ளம், வந்து சேர இருட்டிவிடும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

பூமணியக்கா ஒரு இறுங்குக் கதிரை வளைத்துப் பார்த்தா.

"நாளைக்கு விடியவோ?"

"ஓம் அக்கா."

"உன்ரை ரின்னிலை ஒரு பிடி கூட இல்லையோ?"

"ஒரு மணி கூட இல்லை."

அவ கொட்டிலுக்குள் போனா. வரும்போது கையில் கொடுவாக்கத்தி. "தலையை ஒவ்வொண்டாய் முறிச்சால் இருட்டிப்போகும். அடியோடை விழுத்துவம். நீ அந்தப் பக்கத்தாலை வா."

இங்கேதான் நான் ஒரு முடிவு எடுக்கவேண்டி வந்தது. பேசாமல் கத்தியை எடுத்திருந்தால் வெள்ளைச்சி தப்பியிருப்பாள், பூமணியக்காவும் எனக்கு மிஞ்சியிருப்பா. சொன்னால் அவ கத்தியைக் கீழே போடலாம். போட்டால் பத்து வருட வேலை, அரை ரின் விதை, அந்தக் கறுத்த வரிசைகளுக்கு நடுவில் வெள்ளையாய் நின்ற ஒரே செடி, எல்லாம் நாளை விடியக் காற்றோடு போகும். ஆனால் என் பொய்யை நம்பிக்கொண்டு ஒரு மனுசி தன் மறைப்பைத் தன் கையால் வெட்டுவதைப் பார்த்து நிற்க என்னால் முடியவில்லை. அப்படி எடுத்தால் அதற்குப் பெயர் களவு.

"அக்கா, நில்லுங்கோ. நான் உதை இப்ப காணேல்லை. முளைச்ச அண்டைக்கே கண்டனான். அப்ப நான் விதைக்கவும் இல்லை."

அவ குனிந்தவ நிமிர்ந்தா.

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் தேத்தண்ணிக்குக் கூப்பிடாமல் விட்டிடுவியளோ எண்டு."

இறுங்கு இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. ஆடு கத்தியது. அவ என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

"முளைச்ச அண்டைக்குச் சொல்லியிருந்தால் கொத்திப்போட்டு மரவள்ளி ஊண்டியிருப்பன். இப்ப நெஞ்சளவு மறைப்பு நிண்டிருக்கும்."

அவ்வளவுதான் சொன்னா. குனிந்து முதல் செடியை வெட்டினா.

நான் மற்றப் பக்கத்தால் வெட்டினேன். வெட்டின கதிர்களை இழுத்துப்போய், மகரந்தம் பறக்காமல் பழைய மலசலகூடக் கிடங்குக்குள் தண்ணீரில் அமத்தினேன். பொழுதுபடும்போது கிணறு நான்கு பக்கமும் வெளியாய், றோட்டிலிருந்து பார்த்தால் கயிறும் வாளியும் தெரிகிறமாதிரி நின்றது. என் அறைக்கு வந்து கொஞ்ச நாள் இருங்கோ என்று கேட்டேன். "ஆரின்ரை வீட்டிலையும் இருந்தது போதும்" என்று சொல்லிவிட்டுத் தகரக் கதவைச் சாத்தினா.

மறுநாள் பண்ணை ஆட்கள் வந்து, அந்தத் தண்டுகளையே அடுக்கிக் கட்டிக் கிணற்றடிக்குத் தட்டி அடித்துக் கொடுத்தார்கள். அவ அவர்களுக்கு நன்றி சொன்னா, பிளேன்ரீ கொடுத்தா. எனக்கும் ஒரு கோப்பை வந்தது, ஆனால் ஒரு தொழிலாளியின் கையில் வந்தது. சீனி எல்லோருக்கும் போலக் கூட இருந்தது. அதன் பிறகு பத்து மணிக்கு ஒழுங்கையில் சத்தம் கேட்கவில்லை. சண்டை இல்லை. கண்டால், "சுகமோ?" என்பா. "ஓம் அக்கா" என்பேன். என் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் அந்த மாதம் ஒன்றும் எழுதப்படவில்லை.

தை மாதம் வெள்ளைச்சியை அறுத்தோம். அவ்வளவு மழைக்கும் ஒரு கதிரிலும் பூசணம் இல்லை. ஒரு சாக்கு விதை. பொறுப்பதிகாரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நீங்கள் காப்பாத்திப்போட்டியள்" என்றார். காப்பாற்றியது ஒழுங்கைக்கு அங்காலே இருக்கிறவ என்று சொன்னேன். அறிக்கையில் அதற்கு இடம் இல்லை என்றார். நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னேன்: தனிமைத் தூரம் தவறியது, அது உதவியாளரின் கவனயீனம், அயலவர் தன் பயிரை அழித்து உதவினார். எழுதினார். என் பெயருக்குக் கீழே அந்தக் கவனயீனம் இன்றும் கோப்பில் இருக்கிறது. போய்ப் பாருங்கள்.

உங்களில் யாரையாவது இப்படி ஒரு தனிவெளிக்கு ஒருநாள் அனுப்புவார்கள். அங்கே அயலில் ஒரு ஆள் வந்து சேரும். உங்கள் வாய் கதைக்கு ஏங்கிப்போய் இருக்கும். அந்த ஆள் மண்ணில் எதைப் போட்டாலும், அன்றைக்கே போய்க் கேளுங்கள், அன்றைக்கே சொல்லுங்கள். செடி சின்னதாய் இருக்கும்போது சொன்னால் செடியோடு முடியும்.

அடுத்த மாரியில், எடுத்த விதை சுத்தமோ என்று பார்க்க ஒரு துண்டு விதைத்தோம், திரும்ப அதே காணியில். இடுப்பளவில் ஒரே மட்டமாய் வந்த பயிருக்குள்ளால் ஐந்து செடி மட்டும் தலை நீட்டி, என்னைவிட உயரமாய் எழும்பியது. தண்டும் சிவப்பு. எங்கே இருந்து வந்தது என்று யாரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை. மழைக்கு முன்னமே எந்தப் பையின் ஓரத்தாலோ கொஞ்சம் கசிந்திருக்கிறது. பூக்குமுன் பிடுங்கவேண்டும். குறிப்பில், "கலப்பு ஐந்து, அகற்றப்பட்டது" என்று எழுதி, ஒவ்வொன்றாய்ப் பிடுங்கினேன். வேர் நல்ல பலம்.

பிடுங்கினதை எருக்கும்பியில் போட மனம் வரவில்லை. தோளில் வைத்துக்கொண்டு ஒழுங்கையைக் கடந்தேன். பூமணியக்காவின் காணியைச் சுற்றி இப்போது கதியால் துளிர்த்து, இலை விட்டு, நல்ல அடைப்பாய் நின்றது. வாசலுக்குப் படலையும் போட்டிருந்தா. வெளியே நின்று கூப்பிட்டேன்.

"ஆரது?"

"நான் அக்கா. ஆட்டுக்குக் கொஞ்சம் இறுங்கு கொண்டந்தனான்."

அவ வந்தா. படலைக்கு மேலால் கை நீட்டி, ஐந்து செடியையும் வாங்கினா. சிவந்த தண்டைப் பார்த்தா, பிறகு என்னைப் பார்த்தா.

"உது என்ரை எல்லோ?"

"ஓம் அக்கா. ஐஞ்சு தப்பி வந்திட்டுது."

"மற்றதெல்லாம் சுத்தமோ?"

"சுத்தம்."

"அப்ப நல்லது" என்றா. ஒரு இலையைக் கிள்ளி மணந்து பார்த்தா. பிறகு செடிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே போனா. ஆட்டோடு ஏதோ கதைக்கிற சத்தம் கேட்டது. நான் படலையில் கையை வைத்தபடி கொஞ்சம் நின்றேன். வாளி கிணற்றுக்குள் இறங்குகிற சத்தம் கேட்டபோது, அவ நல்ல வெளிச்சத்தில் குளிக்கப் போகிறா என்று விளங்கி, திரும்பி நடந்தேன்.